சமையலறைக்கு மெகா பிளாக்

மும்பையில் குடியிருக்கும் நம்மவர் வீடுகளில், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இடையில் இரண்டு காரியங்கள் ஒன்றாக வந்து சேரும். ஒன்று வீட்டு ரிப்பேர். மற்றொன்று சங்கத்துப் பொங்கல் விழாவுக்கான பாட்டு ஒத்திகை. இது தற்செயலாக நேர்வதல்ல. ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே மழைக்காலம். அந்த நான்கு மாதமும் சுவர் காயாது. பூச்சு வேலையும் நீர்க்கசிவு அடைக்கும் வேலையும் செய்து பயனில்லை. மழை நின்று சுவர் உலர அக்டோபர் போய்விடும். தீபாவளிக்கு ஊருக்குப் போன கொத்தனார்களும் டைல்ஸ் போடுகிறவர்களும் திரும்பி வந்து வேலையைத் தொடங்கும்போது நவம்பர் பாதி ஆகியிருக்கும். விழாவோ ஜனவரியில். ஆகவே சுவரை இடிக்கிற நாட்களும் பாட்டைக் கட்டுகிற நாட்களும் ஒன்றாகவே அமைகின்றன.

இப்படி மோதிக்கொள்ளும்போது முதலில் நின்றுபோவது எது? பாட்டுத்தான். அதிலும் அந்த வீட்டுப் பெண்களின் பாட்டு. "வீட்டில் வேலை நடக்கிறது, இந்த வருடம் என்னை விட்டுவிடுங்கள்" என்று சேர்ந்திசைக் குழுவிலிருந்து விலகிக்கொண்ட சகோதரிகள் நம் சங்கங்களில் அநேகர். அப்படி விலகத் தேவையில்லை, திட்டம் போட்டால் இரண்டையும் ஒருசேர நடத்தலாம் என்பதை எங்கள் வீட்டு அனுபவத்தைக் கொண்டு விளக்கலாம் என்றிருக்கிறேன். டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் 38 ஆண்டுகள் இருந்தவன் நான். ஆகவே கணக்கெல்லாம் ரயில்வே பாணியில்தான் இருக்கும். அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டு நிலவரம்

எங்கள் கட்டடம் 1980களில் எழும்பியது. சமையலறை 7 அடிக்கு 9 அடி. அந்தக் கால மும்பை வீடுகளில் இருப்பதுபோல மூலையில் பாத்திரம் கழுவும் மோரி. அந்த மோரியின் அடியிலிருந்து நீர் கசிந்து கீழ்வீட்டுக் கூரையில் ஈரத் திட்டு விழுந்தது. இதை அழகு சார்ந்த பிரச்சினை என்று நினைத்துவிடக்கூடாது. காங்கிரீட்டுக்குள் ஈரம் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைக் காட்டிலும் அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். உள்ளே இடமில்லாமல் அது நெருக்க, காங்கிரீட் வெடித்துக் கீழே விழும். கீழ்வீட்டில் தொட்டில் குழந்தை இருந்தது. பொங்கல் கழியட்டும் என்று தள்ளிப்போட முடியாத வேலை.

வீட்டில் ஆறு பேர். 84 வயது அம்மா, மனைவி, மகன், மருமகள், மார்ச் மாதம் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதவேண்டிய பேத்தி, நான். மனைவி 11 ஆண்டுகளாகச் சேர்ந்திசைக் குழுவில் பாடி வருகிறவள். வேலை நிச்சயமானதும் அவள் சொன்னது இது: "என்னங்க, இந்த வருஷம் நான் வரலேன்னு டீச்சர்கிட்ட சொல்லிடுதேன். வீடு இப்படிக் கெடக்கும்போது பாட்டு ஒரு கேடா?"

மருமகள்தான் முதலில் பதில் சொன்னாள். "அத்தை, இதுல பாட்டு எங்க குறுக்க வருது? சாப்பாடுதான குறுக்க வருது. அதைப் பார்ப்போம்." பிரச்சினையைச் சரியான இடத்தில் சுட்டிய பேச்சு அது. மேற்கொண்டு நாங்கள் செய்த ஏற்பாடுகள் எல்லாம் அதிலிருந்து வந்தவையே.

பிளாக் எடுப்பது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக் என்றால் மும்பைவாசிகளுக்கு விளக்கம் தேவையில்லை. ரயிலுக்குக் காத்திருந்து சலித்தவர்கள்தாம் நாம் எல்லோரும். ஆனால் அந்த நாலைந்து மணி நேரத்துக்குப் பின்னால் உள்ள ஒழுங்கு பலருக்கும் தெரிந்திருக்காது. பாதையை மூடுவதற்கு முன் மூன்று விஷயங்கள் முடிவாகியிருக்க வேண்டும். முதலாவது, வேண்டிய சாமான்கள் அத்தனையும் வேலை நடக்கும் இடத்தில் வந்து இறங்கியிருக்க வேண்டும். இரண்டாவது, எத்தனை மணிக்குப் பாதையைத் திருப்பிக் கொடுப்போம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். மூன்றாவது, அந்த நேரத்துக்கு வண்டிகள் போக மாற்றுப் பாதை தயாராயிருக்க வேண்டும். ஸ்லோ வண்டியை ஃபாஸ்ட் லைனில் திருப்பி விடுவது இதற்காகத்தான். சில ஸ்டேஷன்களில் வண்டி நிற்காது, ஆனாலும் போக்குவரத்து நின்றுவிடாது.

வீட்டிலும் இதே விதிதான். டைல்ஸ், கிரானைட், குழாய், ஒயர், ஸிங்க் எல்லாம் வாங்கி வராண்டாவில் அடுக்கும் வரை ஒரு சம்மட்டி அடிகூட விழக்கூடாது என்று சொல்லிவிட்டேன். பழைய மேடையை உடைத்த பிறகு டைல்ஸ் கடைக்கு அலைகிற வீட்டில் 30 நாள் வேலை 60 நாளாவது இப்படித்தான்.

34 நாள் கணக்கு

வேலையின் வரிசை இது. இடிப்பதும் குப்பை அகற்றுவதும் 3 நாள். குழாயும் மின்கம்பியும் பதிக்க 4 நாள். பூச்சும் நீர்க்கசிவு தடுப்பும் 3 நாள். இறுகவும் உலரவும் 10 நாள். தரைக்கும் சுவருக்கும் டைல்ஸ் 5 நாள். மேடைக் கல் 3 நாள். அலமாரியும் பெயின்டும் 6 நாள். மொத்தம் 34.

இதில் 10 நாள் சும்மா கிடக்கிறதே என்று அவசரப்படுகிறவர்கள் உண்டு. அது சும்மா கிடப்பதல்ல. சிமென்ட் வெறுமனே காய்ந்து கெட்டியாவதில்லை. நீரோடு வினை புரிந்து இறுகுகிறது. ஈரம் போய்விட்டால் வினையும் நின்றுவிடும். இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456, சாதாரண சிமென்டில் செய்த காங்கிரீட்டுக்குக் குறைந்தது 7 நாளும், இப்போது பெரும்பாலும் கிடைக்கும் சாம்பல் கலந்த சிமென்டுக்கு 10 நாளும் ஈரம் காக்கச் சொல்கிறது. பூச்சுக்கும் அதே கணக்கைப் பிடித்துக்கொண்டோம். அந்த 10 நாளின் பிற்பகுதியில் மோரி இருந்த இடத்தில் 2 நாள் நீர் தேக்கி வைத்து, மட்டத்தைச் சாக்பீஸால் குறித்து, கீழ்வீட்டுக் கூரையையும் பார்த்துவிட்டுத்தான் டைல்ஸுக்கு அனுமதி கொடுத்தேன்.

இப்போது இதே பட்டியலைச் சத்தத்தின் கணக்கில் பாருங்கள். இடிப்பு, குழாய், டைல்ஸ், கல் ஆகிய 15 நாள் பெருஞ்சத்தம். அலமாரி, பெயின்ட் 6 நாள் நடுத்தரம். பூச்சும் இறுகலும் ஆன 13 நாள் வீடு அமைதியாக இருக்கும். அந்த 13 நாளை யாரும் பாட்டுக்கென்று எண்ணுவதில்லை. நாங்கள் எண்ணினோம். மனைவியின் குரல் பிரிவினருக்குத் தனியாக வைக்க வேண்டியிருந்த நான்கு ஒத்திகைகளையும் அந்த நாட்களில் எங்கள் ஹாலிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லி ஆசிரியையிடம் முன்கூட்டியே தேதி கொடுத்தோம்.

மாற்றுப் பாதை

எங்கள் வீட்டில் குழாய் வழி எரிவாயு. அந்தக் குழாயை அசைக்க எரிவாயு நிறுவனம் அனுமதித்த ஆட்களுக்கு மட்டுமே உரிமை உண்டு; குழாய் வேலைக்காரர் கையில் கொடுக்கவே கூடாது. ஆகவே 34 நாளும் காஸ் கிடையாது. (ஸிலிண்டர் வைத்திருப்பவர்கள் தற்காலிக இடத்திலும் ஸிலிண்டரை நிமிர்த்தியே வைக்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும், ரப்பர் குழாய் ஐந்து ஆண்டைத் தாண்டியிருந்தால் இந்தச் சாக்கில் மாற்றிவிடுங்கள்.)

மின்சார அடுப்புக்கு ஒரு கணக்குப் போட வேண்டும். 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பு, 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். ஹாலில் டி.வி.க்குப் பக்கத்தில் இருக்கும் 6 ஆம்பியர் பிளக்கில் அதைச் செருகினால் ஒயர் சுடும், பிளக் கருகும். 16 ஆம்பியர் பிளக் எங்கே இருக்கிறது? ஏ.ஸி. மாட்டியிருக்கும் இடத்தில். டிசம்பர் மாத மும்பையில் ஏ.ஸி. தேவையில்லை. ஆகவே மகனுடைய அறையின் ஏ.ஸி. பிளக்குக்குக் கீழே ஒரு மேஜை போட்டோம், அதுவே அடுக்களை. சாதம் வைக்கும் குக்கருக்கு வேறு பிளக். இரண்டையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகுவது ஆபத்து.

பாத்திரத்துக்குக் காந்தப் பரிசோதனை. அடியில் காந்தம் ஒட்டினால் இண்டக்ஷனில் சூடாகும், ஒட்டாவிட்டால் ஆகாது. பேத்தி ஃப்ரிஜ்ஜில் ஒட்டியிருந்த காந்தப் பொம்மையை எடுத்துக்கொண்டு வீட்டுப் பாத்திரம் அனைத்தையும் சோதித்தாள். ஏழு தேறின. அம்மாவின் மண்சட்டி தேறவில்லை. "ஏய்யா, புளிக்குழம்பை இரும்பில வச்சா அது குழம்பா, மருந்தா?" என்று அம்மா கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 34 நாள் புளிக்குழம்பு இல்லாமல் கழிந்தது. சில ஸ்டேஷன்களில் வண்டி நிற்கவில்லை.

எளிதில் தீராதது பாத்திரம் கழுவுவது. குளியலறையில் தாழ்ந்த ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கழுவ வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களால் முடியாது. காலையில் மகன், இரவில் நான் என்று பிரித்துக்கொண்டோம். யார் எப்போது என்ன செய்வது என்பதை ரயில் கால அட்டவணை போல ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டினோம். புதன் இரவும் ஞாயிறு மாலையும் ஒத்திகை. அந்த இரண்டு வேளையும் மகன் சமையல். காய் நறுக்குவதும் அம்மாவுக்கு 11 மணிக்குக் குழைந்த சாதம் கொடுப்பதும் என் பொறுப்பு.

சேர்ந்திசை ஏன் ஆளை விடாது?

ஒரு நாள் போகாவிட்டால் என்ன என்று கேட்கிறவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். நம் பஜனையில் எல்லோரும் ஒரே மெட்டைப் பாடுகிறோம். ஒருவர் வராவிட்டால் சத்தம் சற்றுக் குறையும், அவ்வளவுதான். சேர்ந்திசை அப்படியல்ல. உயர்ந்த பெண் குரல், தாழ்ந்த பெண் குரல், உயர்ந்த ஆண் குரல், தாழ்ந்த ஆண் குரல் என்று நான்கு பிரிவுகள். ஒரே சமயத்தில் நான்கும் வெவ்வேறு ஸ்வரங்களில் நிற்கும். தமிழ்ப் பாட்டுக்கு, குறிப்பாக பாரதியார் பாட்டுக்கு, இந்த முறையைக் கொண்டுவந்து சாதாரண இளைஞர்களைப் பாட வைத்தவர்களில் முதன்மையானவர் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன். மெட்ராஸ் யூத் கொயர் அவர் உருவாக்கியது. அவர் 1988ல் மறைந்தார்.

என் மனைவி பாடுவது தாழ்ந்த பெண் குரல். அந்தப் பிரிவின் கஷ்டம் என்னவென்றால், பிரதான மெட்டு பக்கத்து வரிசையில் ஓடிக்கொண்டிருக்கும். நம் காது சிறு வயது முதல் மெட்டைப் பின்பற்றிப் பழகியது; கொஞ்சம் அசந்தால் குரல் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் நிற்பவரின் குரலைப் பிடித்துக்கொண்டுதான் தன் வரியில் நிற்க வேண்டும். அந்தப் பிரிவில் எங்கள் குழுவில் ஐந்தே பேர். ஒருவர் போனால் மற்ற நால்வரும் தடுமாறுவார்கள். வீட்டில் தனியே எத்தனை சாதகம் செய்தாலும் இது வராது.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரு நீண்ட வரியை மூச்சு விடாமல் இழுக்க வேண்டும் என்றால் தனிப் பாடகர் திணறிப்போவார். சேர்ந்திசையில் எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு விடுவதில்லை. பக்கத்தில் இருப்பவர் பாடிக்கொண்டிருக்கும்போது நான் விடுகிறேன், நான் பாடும்போது அவர் விடுகிறார். கேட்கிறவர்களுக்கு ஓசை அறுபடாமல் வரும். இதை மனைவி வீட்டில் விளக்கியபோது மருமகள் சிரித்துக்கொண்டே, "நம்ம வீட்டுச் சமையல் மட்டும் ஏன் அத்தை இத்தனை வருஷமா ஒத்தை ஆள் கச்சேரியாவே இருந்துச்சு?" என்றாள். யாரும் பதில் சொல்லவில்லை. ஆனால் அன்றிரவு கதவில் ஒட்டியிருந்த தாளில் மகன் இன்னும் இரண்டு வேளையைத் தன் பெயரில் எழுதிக்கொண்டான்.

தூசியும் தொண்டையும்

கல்லையும் டைல்ஸையும் உலர்ந்தபடி அறுத்தால் பறக்கும் மெல்லிய தூசியில் சிலிகா இருக்கிறது. பாடுகிறவர் தொண்டைக்கும் முதியவர் நுரையீரலுக்கும் அது நல்லதல்ல. அறுக்கிற தொழிலாளிக்கோ நாள்பட நுரையீரல் நோயே வரும். நாங்கள் வேலையாட்களிடம் முதலிலேயே பேசி ஒப்புக்கொண்டவை: அறுப்பது கீழே காம்பவுண்டில், நீர் ஊற்றிக்கொண்டே அறுக்க வேண்டும், அறுக்கிறவருக்கு நாங்கள் வாங்கிக் கொடுக்கும் முகக்கவசம். சமையலறை வாசலில் தடித்த பிளாஸ்டிக் திரை, கதவிடுக்கில் ஈரத் துணி. பெருக்குவது கிடையாது, ஈரத் துணியால் துடைப்பது மட்டுமே. பெருக்கினால் படிந்த தூசி மீண்டும் எழும்பும். இடிப்பு நடந்த மூன்று பகலும் அம்மாவும் பேத்தியும் எதிர்வீட்டில் இருந்தார்கள். பேத்தியின் படிப்பு அங்கே ஒழுங்காக நடந்தது என்பது உபரி லாபம்.

மனைவிக்கு ஆசிரியை சொன்ன யோசனை, சத்தத்துக்கு மேல் கத்திப் பேசாதே என்பது. சம்மட்டி ஓசையை மீறி வேலையாளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டே பலருக்குத் தொண்டை கட்டிவிடுகிறது. எங்கள் வீட்டில் வேலையாட்களோடு பேசும் உத்தியோகம் முழுவதும் எனக்கே வந்தது.

மேடையின் உயரம் யாருக்கு?

டைல்ஸ் முடிந்தபின் கல் வேலைக்காரர் மேடை உயரம் கேட்டார். இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கினால் தரையிலிருந்து முழங்கை எவ்வளவு உயரமோ, அதிலிருந்து 4 முதல் 6 அங்குலம் குறைத்தால் மேடை. அதைவிடத் தாழ்ந்தால் இடுப்பு வலிக்கும். உயர்ந்தால் தோள் வலிக்கும். மனைவி 5 அடி 1 அங்குலம். அவளுக்கு 33 அங்குலம் சரியாக வந்தது. மருமகள் 5 அடி 6 அங்குலம். மகனும் ஏறக்குறைய அதே உயரம். அவர்களுக்கு 36.

"சமைக்கிறவங்க அளவு சொல்லுங்க சார்" என்றார் அவர், இந்தியில். நான் மனைவியைப் பார்த்தேன். அவள், "யார் சமைக்கப் போறாங்கன்னு முதல்ல முடிவு பண்ணிட்டு அளவு கொடுங்க" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை, கணக்குக் கேட்பதுபோலத்தான் சொன்னாள். அரைமணி நேரம் எல்லோரும் ஹாலில் உட்கார்ந்து பேசினோம். மேடையை ஒரே மட்டமாக வைக்காமல் அடுப்புப் பகுதியை 33 அங்குலத்திலும், நறுக்குவதற்கும் ஸிங்க்குக்கும் உள்ள பகுதியை 36 அங்குலத்திலும் வைப்பதென்று முடிவாயிற்று. குழம்புப் பாத்திரம் அடுப்பின் மேல் உட்காரும்போது அதுவே எட்டு அங்குலம் உயர்ந்துவிடும், ஆகவே அடுப்பு தாழ்ந்திருப்பது உயரமானவர்களுக்கும் தொந்தரவில்லை. இரண்டு மட்டம் என்பதால் கல்லும் கூலியும் சற்றுக் கூடின. ஆனால் ஒருவர் அளவுக்கே வைத்த மேடை, அந்த ஒருவரை 30 ஆண்டுக்கு அங்கேயே நிறுத்திவிடும் அல்லவா?

வேகக் கட்டுப்பாடு

பாதையைப் புதுப்பித்தபின் முதல் வண்டியை முழு வேகத்தில் விடமாட்டோம். மணிக்கு 20 கிலோமீட்டர் என்று கட்டுப்படுத்தி, ஜல்லி இறுகுவதைப் பார்த்துப் பார்த்துப் படிப்படியாக உயர்த்துவோம். வீட்டிலும் அது நல்லது. ஸிங்க் ஓரத்தில் பூசிய ஸிலிகான் இறுக ஒரு நாளாவது நீர் படாமல் இருக்க வேண்டும். கிரானைட்டின் இணைப்புகளில் முதல் வாரம் கனமான கிரைண்டரை வைத்து அதிர விடக்கூடாது. முதல் மாதம் முழுவதும் ஸிங்க் கீழ் அலமாரியில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். கசிவு இருந்தால் தாள் காட்டிக்கொடுத்துவிடும்.

வேலை டிசம்பர் கடைசி வாரம் முடிந்தது. விழாவில் மனைவி தன் வரிசையில் நின்று பாடினாள். மூன்று ஒத்திகைகளில் தாமதமாகப் போனாள், ஒன்றைக்கூட விடவில்லை. கீழ்வீட்டுக் கூரை இந்த மழைக்குப் பின்னும் உலர்ந்தே இருக்கிறது.

இந்த ஆண்டு வேலை தொடங்கவிருக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கான்ட்ராக்டரிடம் தேதி கேட்கும் முன் ஒத்திகைத் தேதிகளைக் கேட்டு வாங்குங்கள். அமைதியான நாட்களை முதலில் குறியுங்கள். சமையல் அட்டவணையை எழுதி ஒட்டுங்கள். எழுதாத அட்டவணை பழைய ஆளிடமே திரும்பிப் போய்விடும். வேலை முடிந்தவுடன் அந்தத் தாளைக் கிழித்துவிடவும் வேண்டாம். எங்கள் வீட்டுத் தாளை மருமகள் புதிய அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி வைத்திருக்கிறாள். புதன்கிழமை இரவு இன்றும் மகன் சமையல்தான். அம்மாவின் மண்சட்டியில் புளிக்குழம்பு வைக்கவும் கற்றுக்கொண்டுவிட்டான். உப்பு மட்டும் அம்மா பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.